கூட்டுத் திட்டம் வருகிறதா? நஷ்டம் யார் தலையில் என்று முதலில் கேளுங்கள்

நிலத்தை வாரத்துக்கு விடுவதற்கும் குத்தகைக்கு விடுவதற்கும் உள்ள வித்தியாசத்தை விவசாயிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வாரம் என்றால் விளைச்சலில் பங்கு. மழை பொய்த்து மகசூல் குறைந்தால் நிலத்துக்காரருக்கும் குறையும், உழுதவருக்கும் குறையும். குத்தகை அப்படி அல்ல. விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய நெல்லை அளந்தாக வேண்டும். நஷ்டம் முழுவதும் உழுதவர் தலையில்.

போக்கியம் இன்னொரு வகை. தென் மாவட்டங்களில் இதை ஒத்தி என்பார்கள். பணம் கொடுத்தவர் நிலத்தைத் தம் கையில் வைத்துக்கொண்டு, பேசிய ஆண்டுகள் வரை விளைச்சலை அனுபவிப்பார். தவணை முடிந்ததும் நிலம் உடையவரிடம் திரும்பும். அனுபவத்திலேயே கடன் கழிந்துவிடும்படி எழுதிக்கொள்வதும் உண்டு.

இப்போது சாலை, பாலம், குடிநீர்க் குழாய், தானியக் கிடங்கு, ஏன், பாசன வாய்க்கால்கூட 'அரசு - தனியார் கூட்டுத் திட்டம்' என்ற பெயரில் கட்டப்படுவதைக் கேள்விப்படுகிறோம். பெயர் புதிது. ஆனால் உள்ளே இருப்பது நமக்குத் தெரிந்த போக்கியமும் குத்தகையும் வாரமும்தான். தனியார் கம்பெனி முதல் போட்டுக் கட்டும். 20 அல்லது 30 ஆண்டுகள் நடத்திக் கட்டணம் வசூலிக்கும். தவணை முடிந்ததும் அரசிடம் ஒப்படைக்கும். திட்டத்துக்குத் திட்டம் மாறுவது ஒன்றுதான்: நஷ்டம் வந்தால் சுமப்பது யார்?

இதில் விவசாயிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சாலை போகும் நிலம் நம்முடையது. குழாய் உறிஞ்சும் ஆறு நம் வாய்க்காலுக்கும் தண்ணீர் தரும் ஆறு. கிடங்கில் அடுக்குவது நாம் விளைவித்த தானியம். ஆகவே ஒப்பந்தத்தின் சூட்சுமம் நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கம்பெனி வெட்டிய வாய்க்கால்

கூட்டுத் திட்டம் நேற்று வந்ததல்ல. அன்றைய சென்னை மாகாணத்திலேயே 1858-ம் ஆண்டு வாக்கில் இது நடந்திருக்கிறது.

கொள்ளிடத்தில் முக்கொம்பு மேலணையைக் கட்டியவர் ஆர்தர் காட்டன் என்பது தஞ்சை, திருச்சி விவசாயிகள் அறிந்ததே. பின்னர் அவர் கோதாவரியின் குறுக்கே தவளேஸ்வரத்தில் 1847 முதல் 1852 வரை பெரிய அணைக்கட்டை எழுப்பினார். இவை சர்க்கார் பணத்தில் நடந்த வேலைகள். டெல்டாவில் நெல் பெருகியது. தீர்வை வருமானமும் பெருகியது. போட்ட முதலுக்கு மேல் வந்து சேர்ந்தது.

இந்த வெற்றியைப் பார்த்த லண்டன் முதலாளிகளுக்கு ஆசை பிறந்தது. காட்டன் வகுத்த யோசனையை வைத்து 'சென்னைப் பாசன மற்றும் கால்வாய்க் கம்பெனி' தொடங்கப்பட்டது. துங்கபத்திரை ஆற்றில் அணை கட்டி, நெல்லூர்க் கடற்கரை வரை வாய்க்கால் வெட்டி, வழி நெடுகப் பாசனமும் படகுப் போக்குவரத்தும் நடத்துவது திட்டம். பங்கு வாங்கியவர்களுக்கு அரசாங்கம் ஓர் உறுதி கொடுத்தது. 10 லட்சம் பவுன் முதலுக்கு ஆண்டுக்கு 5 சதவீத வட்டி நிச்சயம். வாய்க்காலில் வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் இந்த வட்டியை அரசாங்கம் கொடுத்துவிடும்.

கர்நூலுக்கு மேற்கே சுங்கேசுலா என்ற இடத்தில் அணை கட்டப்பட்டது. அங்கிருந்து கர்நூல் வழியாகக் கடப்பை வரை சுமார் 190 மைல் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டப்பட்டது. அதற்குள் பணம் தீர்ந்தது. மேற்கொண்டு அரசாங்கத்திடமே கடன் வாங்க வேண்டியதாயிற்று. கடல் வரை போக வேண்டிய வாய்க்கால் கடப்பையோடு நின்றது.

வாய்க்காலில் தண்ணீர் வந்தது. ஆனால் அதை வாங்க ஆள் வரவில்லை.

காரணம் விவசாயிக்கு உடனே விளங்கும். கர்நூல், கடப்பைப் பக்கம் கரிசல் பூமி மிகுதி. ஒரு நல்ல மழை பெய்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மண். சோளமும் பருத்தியும் மானாவாரியாகவே வந்தன. அந்த நிலத்தை நஞ்சையாக்க வேண்டுமானால் மேடு பள்ளம் சமப்படுத்த வேண்டும். வரப்பு கட்ட வேண்டும். கூடுதல் எருவும் மாடும் ஆளும் வேண்டும். இதற்கெல்லாம் கையில் முதல் இல்லை. இதற்கு மேல் தண்ணீர்த் தீர்வையும் கட்ட வேண்டும். நல்ல மழை ஆண்டில் எதற்காகக் கட்டுவது? தாது வருஷப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொன்ன 1876-78 பஞ்சத்தில் வாய்க்கால் தண்ணீரைக் கேட்டவர்கள் பெருகினர். மழை திரும்பியதும் மறுபடி குறைந்தனர்.

கம்பெனி திவாலாகியிருக்க வேண்டும். ஆனால் பங்குதாரருக்கு நஷ்டமில்லை. அரசாங்கம் உறுதி கூறிய 5 சதவீதம் ஆண்டுதோறும் லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? அன்றைக்கு அரசாங்கத்தின் பெரிய வருமானம் நிலத் தீர்வை. தஞ்சாவூரிலும் திருநெல்வேலியிலும் தீர்வை கட்டிய விவசாயி, தாம் கண்ணால் காணாத ஒரு வாய்க்காலின் நஷ்டத்தைச் சுமந்தார். கடைசியில் 1882-ல் அரசாங்கமே அந்த வாய்க்காலை விலைக்கு வாங்கிக்கொண்டது.

ஒரிசாவில் தொடங்கிய இதே போன்ற இன்னொரு கம்பெனியின் வேலையை அரசாங்கம் அதற்கு முன்பே, 1868-ல், வாங்கிக்கொள்ள நேர்ந்தது. இந்த அனுபவங்களுக்குப் பின் பெரிய பாசன வேலைகளை அரசாங்கம் தன் பொறுப்பிலேயே கடன் திரட்டிச் செய்வது வழக்கமாயிற்று. மதுரைச் சீமைக்குத் தண்ணீர் கொண்டுவந்த பெரியாறு அணையும் (1895) சர்க்கார் வேலையே.

வாய்க்கால் கெட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கர்நூல் - கடப்பை வாய்க்கால் இன்றும் ஓடுகிறது. இரண்டரை லட்சம் ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு கொண்டது. வாய்க்கால் நல்லது. ஒப்பந்தம்தான் தவறு. லாபம் ஒருவருக்கு, நஷ்டம் இன்னொருவருக்கு என்று எழுதிவிட்டால், 'இந்தப் பூமிக்கு இந்தத் தண்ணீர் வேண்டுமா?' என்று முதலிலேயே சம்சாரியைப் போய்க் கேட்க வேண்டிய அவசியம் முதலாளிக்கு இல்லாமல் போய்விடுகிறது.

பவானியிலிருந்து திருப்பூருக்கு

இனி நம் காலத்துக்கு வருவோம். இந்தியாவில் தண்ணீர்த் துறையில் நடந்த முதல் பெரிய கூட்டுத் திட்டம் நம் கொங்கு நாட்டில்தான் நடந்தது. பனியன் தொழிலும் சாயத் தொழிலும் பெருகிய திருப்பூருக்குத் தண்ணீர் போதவில்லை. சுற்றுவட்டாரக் கிராமங்களின் கிணற்று நீர் லாரி லாரியாகச் சாயப்பட்டறைகளுக்குப் போயிற்று. இதைத் தீர்க்கப் புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகம் என்ற கம்பெனி அமைக்கப்பட்டது. தமிழக அரசு, ஐ.எல்.எப்.எஸ். என்ற நிதி நிறுவனம், திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் ஆகியோர் இதில் கூட்டு.

ஒப்பந்தம் 2000-ல் ஆயிற்று. தவணை 30 ஆண்டுகள். செலவு 1,023 கோடி ரூபாய். பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18 கோடியே 50 லட்சம் லிட்டர் தண்ணீர் எடுத்து, சுத்தம் செய்து, 50 கிலோமீட்டருக்கு மேல் குழாயில் கொண்டுவருவது திட்டம். 2005-ல் தண்ணீர் வரத் தொடங்கியது. தொழிற்சாலைகளுக்கு ஆயிரம் லிட்டருக்கு 45 ரூபாய் என்று விலை. நகருக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் அதில் சிறு பங்கு விலையே. ஆலைக்காரர் கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஊராருக்கு மலிவாகக் குடிநீர் தருவது ஏற்பாடு. நோக்கம் நல்லதே. வழியோரக் கிராமங்களுக்குக் குடிநீர் வந்ததும் உண்மையே.

விவசாயக் கணக்கில் அந்தத் தண்ணீர் எவ்வளவு? 18.5 கோடி லிட்டர் என்பது விநாடிக்கு ஏறக்குறைய 75 கன அடி. ஆண்டு முழுவதும் எடுத்தால் சுமார் 2.4 டி.எம்.சி. பவானிசாகர் அணையின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 33 டி.எம்.சி. 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாயும் கீழ்பவானி வாய்க்காலில் 2,300 கன அடி விடப்படும். அதோடு ஒப்பிட்டால் 75 கன அடி சிறிதாகத் தோன்றும்.

ஆனால் வாய்க்கால் ஆண்டு முழுவதும் ஓடுவதில்லை. கீழ்பவானி ஆயக்கட்டில் ஒரு போகத்துக்குப் பாதி, மறு போகத்துக்கு மீதிப் பாதி என்று முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை, காளிங்கராயன் ஆகிய பழைய பாசனங்களும் இதே ஆற்றை நம்பியவை. குழாய்க்கோ முறை கிடையாது. கோடையிலும் வறட்சியிலும் அது நாள் தவறாமல் கேட்கும். நல்ல ஆண்டில் உறைக்காத 75 கன அடி, அணை தரைதட்டும் ஆண்டில் உறைக்கும்.

ஒப்பந்தத்தில் இதற்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. ஆற்றில் தண்ணீர் குறைந்து கம்பெனிக்கு வருமானம் விழுந்தால் ஈடுகட்ட, அரசின் சார்பில் ஒரு நிதி ஒதுக்கப்பட்டது. கடன் கொடுத்த வங்கிகள் அப்படி ஒன்று இல்லாமல் பணம் தரமாட்டா. அது அவர்கள் நியாயம். ஆனால் அதே வறட்சியில், அதே ஆற்றில், தண்ணீர் இல்லாமல் நாற்றைக் காயவிட்ட கடைமடை விவசாயிக்கு அப்படி ஒப்பந்தம் போட்டு வைத்த நிதி எங்கே? கூட்டுத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டவருக்குப் பாதுகாப்பு உண்டு. கையெழுத்துப் போடும் இடத்தில் இல்லாதவருக்கு இல்லை. இதை விவசாயிகள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

எதிர்பாராத திசையிலிருந்து வந்த அடி

திருப்பூர்த் திட்டத்துக்கு முதல் பெரிய அடி வறட்சியால் வரவில்லை. சாயக் கழிவால் வந்தது.

சாயப்பட்டறைக் கழிவுநீர் நொய்யலில் கலந்ததும், 1990-களில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாமல் சாய நீர்க் குட்டையாகிப் போனதும், கீழே உள்ள கிணறுகளும் நிலங்களும் உப்பேறியதும் அப்பகுதி விவசாயிகள் பட்ட பாடு. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட்டது.

பட்டறைகள் மூடின. 45 ரூபாய் கொடுத்து வாங்கிய வாடிக்கையாளர் போய்விட்டார். பின்னர் பட்டறைகள் திறந்தபோதும், கழிவுநீரையே சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்த வேண்டியிருந்ததால், புதுத் தண்ணீரின் தேவை முன்போல் இல்லை. 30 ஆண்டுக்குப் போட்ட கணக்கு ஆறாவது ஆண்டிலேயே ஆட்டம் கண்டது. கடன் தவணைகளை மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று. பங்காளியான ஐ.எல்.எப்.எஸ். நிறுவனமே 2018-ல் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் விழுந்தது வேறு கதை.

கர்நூலில் கரிசல் மண் தண்ணீர் வேண்டாம் என்றது. திருப்பூரில் சாயப்பட்டறை வேண்டாம் என்றது. இரண்டு இடத்திலும் குழாயோ வாய்க்காலோ பழுதில்லை. 'இவ்வளவு தண்ணீர் இவ்வளவு காலம் விற்கும்' என்று போட்ட கணக்குதான் பழுது. சாயத்தைச் சுத்தம் செய்யாமல் ஆற்றில் விட்டால் ஒருநாள் தடை வரும் என்பதைத் தண்ணீர் விற்கும் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும். நொய்யல் கரை விவசாயியைக் கேட்டிருந்தால் அவர் அதைச் சொல்லியிருப்பார்.

மொராக்கோவில் செய்த விதம்

பாசனத்திலேயே கூட்டுத் திட்டம் ஓரளவு யோசனையோடு நடந்த இடமும் உண்டு. வட ஆப்பிரிக்காவில் மொராக்கோ நாட்டில் சூஸ் சமவெளி ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பெயர் போனது. ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகி நிலத்தடி நீர் இறங்கியதால் தோட்டங்கள் காயத் தொடங்கின. அங்கே எல் கெர்தான் என்ற பகுதியில் 10,000 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 25,000 ஏக்கருக்கு, அவுலூஸ் அணையிலிருந்து குழாய் வழியே தண்ணீர் கொண்டுவரும் வேலை 2004-ல் ஒரு தனியார் கூட்டமைப்புக்கு 30 ஆண்டுத் தவணையில் கொடுக்கப்பட்டது.

அதில் மூன்று விஷயங்கள் கவனிக்கத் தக்கவை. ஒன்று, யார் குறைந்த தண்ணீர்க் கட்டணம் கேட்டார்களோ அவர்களுக்கே வேலை. இரண்டு, விவசாயிகளில் பெரும்பான்மையோர் முன்பணம் கட்டி, 'எங்களுக்குத் தண்ணீர் வேண்டும்' என்று பதிவு செய்த பிறகே குழாய் போடுவது. கர்நூலில் செய்யாத வேலை இதுவே. மூன்று, அணையில் தண்ணீர் குறைந்தால் நஷ்டத்தில் கம்பெனிக்கு ஒரு பங்கு, கட்டண உயர்வாக விவசாயிக்கு ஒரு சிறு பங்கு, மிச்சம் அரசுக்கு என்று முன்கூட்டியே பிரித்து எழுதப்பட்டது. குத்தகை போல் அல்லாமல் வாரம் போல்.

குறையும் உண்டு. இணைப்புக்கு முன்பணம் கட்ட முடிந்த தோட்டக்காரருக்கே இது பயன்பட்டது. அதோடு, அண்மை ஆண்டுகளில் அந்நாட்டைத் தொடர் வறட்சி வாட்டியிருக்கிறது. அணையில் இல்லாத தண்ணீரை எந்த ஒப்பந்தமும் குழாயில் வரவழைக்காது.

விவசாயிகள் கேட்க வேண்டியவை

உங்கள் பகுதிக்குக் கிடங்கோ, குழாயோ, சாலையோ கூட்டுத் திட்டமாக வருகிறது என்றால் எதிர்க்க வேண்டும் என்பதும் இல்லை. கண்ணை மூடி வரவேற்க வேண்டும் என்பதும் இல்லை. கீழ்க்கண்டவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. கம்பெனிக்கு வருமான உறுதி உண்டா? இந்திய உணவுக் கழகத்துக்காகத் தனியார் கிடங்கு கட்டும் திட்டம் 2008-ல் வந்தது. அதில் 10 ஆண்டு வரை வாடகை நிச்சயம் என்று உறுதி தரப்பட்டது. இவ்விதம் உறுதி கொடுத்தால்தான் கிடங்கு கட்ட ஆள் வரும் என்பது சரியே. ஆனால் எவ்வளவு காலம், எவ்வளவு பணம் என்பது வெளிப்படையாக இருக்க வேண்டும்.

2. தண்ணீர் குறைந்தால் முதல் வெட்டு யாருக்கு? குடிநீருக்கு முதல் உரிமை; அதில் மறுபேச்சு இல்லை. குடிநீர் என்ற பெயரில் ஆலைக்குப் போகும் பங்கு எவ்வளவு என்று தனியாகக் கேட்க வேண்டும். ஆலைப் பங்கும் பாசனப் பங்கும் சேர்ந்து குறைய வேண்டும் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

3. கட்டணத்தை நிர்ணயிப்பது யார்? ஆண்டுதோறும் எந்தக் கணக்கில் உயரும்? விலைவாசி உயர்ந்தால் உயரும் கட்டணம், நெல் விலை விழுந்தால் இறங்குமா?

4. தேவைக் கணக்கு எடுத்தது யார்? பயன்படுத்தப் போகிறவர்களைக் கேட்டுப் பதிவு செய்தார்களா, அல்லது மேஜையில் உட்கார்ந்து போட்ட கணக்கா?

5. தவணை முடிந்து திரும்பும்போது எந்த நிலையில் திரும்பும்? போக்கியத்தின் கடைசி ஆண்டில் நிலத்துக்கு யாரும் எரு அடிப்பதில்லை. கடைசி ஐந்தாண்டில் மராமத்துக்கு யார் பொறுப்பு, சரியில்லை என்றால் என்ன அபராதம் என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஒப்பந்த நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணம் செலுத்தி எழுதிக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வியாபார ரகசியம் என்று மறுத்தால், பொது நலன் பெரிது என்று காட்டி மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. தனியாளாகக் கேட்பதைவிடப் பாசன சபை மூலமோ, கிராம சபையில் தீர்மானம் போட்டோ கேட்டால் எடை அதிகம்.

நிலம் கேட்டால்

2013-ம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி, கூட்டுத் திட்டத்துக்கு நிலம் எடுக்க, நிலம் இழக்கும் குடும்பங்களில் 70 சதவீதத்தினர் சம்மதம் வேண்டும். முழுத் தனியார் திட்டம் என்றால் 80 சதவீதம். ஆனால் இதை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது. தேசிய நெடுஞ்சாலைக்கு 1956-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எடுக்கும்போது இந்தச் சம்மத விதி பொருந்தாது. தமிழ்நாடு நெடுஞ்சாலைச் சட்டம் (2001), தொழில் நோக்கங்களுக்கான நிலமெடுப்புச் சட்டம் (1997) ஆகியவற்றின் கீழ் எடுத்தாலும் பொருந்தாது. இழப்பீட்டுத் தொகை மட்டும் 2013 சட்டக் கணக்குப்படி கிடைக்கும். ஆகவே நோட்டீஸ் வந்ததும் அது எந்தச் சட்டத்தின் கீழ் வந்திருக்கிறது என்பதை முதல் வரியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆட்சேபணைக்குக் கெடு தேதி எது என்பதை அடுத்து பார்க்க வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல் மூன்றும் நடப்பு நிலவரப்படி கையில் இருக்கட்டும். கிணறு, மரம், குழாய் எல்லாம் அளவையில் ஏறியிருக்கின்றனவா என்று நேரில் நின்று சரிபார்க்க வேண்டும்.

அரசிடம் எல்லாவற்றுக்கும் பணம் இல்லை. தனியார் முதல் வருவதில் தவறும் இல்லை. ஆனால் வாரத்துக்கு விடுவதாகப் பேசிவிட்டுக் குத்தகைச் சீட்டில் கையெழுத்து வாங்கினால் எந்த விவசாயியும் சம்மதிக்கமாட்டார். பொதுச் சொத்துக்கும் அதே நியாயம்தான். நஷ்டத்திலும் பங்கு எடுத்துக்கொள்கிறவரே கூட்டாளி. லாபத்துக்கு மட்டும் வருகிறவர் வட்டிக்குக் கொடுத்தவர். வருகிறவர் இருவரில் யார் என்பதைச் சீட்டு எழுதும் முன்பே தெரிந்துகொள்வது நல்லது.